இடது பக்கச் சக்கரம்

சித்தி எந்த வண்டியிலிருந்து இறங்கினாலும் நேராக நடந்து போய்விடமாட்டாள். வண்டியின் மூக்கைச் சுற்றி வந்து, முன்பக்கத்து இரண்டு சக்கரங்களின் நடுவிலும் ஒருமுறை உள்ளங்கையை வைப்பாள். வைத்து, மணிக்கட்டை லேசாகத் திருப்புவாள். முதலில் வலது, பிறகு இடது. இடதில் மட்டும் கை கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். அவள் ஓட்டிய ஜீப்பில் மட்டும் இப்படிச் செய்திருந்தால் தொழில் பழக்கம் என்று விட்டுவிடலாம். டவுன் பஸ், ஆட்டோ, வாடகைக் கார் எதையும் அவள் விட்டதில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில், முன்பின் தெரியாத ஒருவருடைய புதுக் காரில் கை வைத்துவிட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்று அவர் கண்ணாடியை இறக்கினார்.

"காத்து இருக்கான்னு பாத்தேன் தம்பி."

"காத்து டயர்லதானே இருக்கும்? நடுவுலயா இருக்கும்?"

"பரவாயில்லையே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நிறைய பேருக்குத் தெரியறதில்ல" என்று பாராட்டிவிட்டு நடந்தாள்.

எட்டு வருடங்கள் இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். "என் தங்கச்சிக்கு மரை கழண்டுடுச்சு" என்பாள் அம்மா. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள எல்லோரையும்விட எனக்குத்தான் தகுதி குறைவு என்பது எனக்கும் சித்திக்கும் மட்டும் தெரியும்.

நகரத்து ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், கூடாரம் போட்டுத் தங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்து விடும் ஒரு சின்ன நிறுவனத்தில் சித்தி ஓட்டுநர். தகரக் கூரை போட்ட ஷெட், நான்கு பழைய ஜீப்புகள், சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் சாவிகள், மூலையில் ஒரு தையல் மெஷின். அந்த மெஷினில் உட்கார்ந்து கிழிந்த கூடாரங்களுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருப்பவர் சித்தப்பா. சித்தி அங்கே முதலில் சேர்ந்தது கூடாரம் கழுவத்தான். சேறும் இலையும் ஒட்டிய கூடாரங்களைத் தேய்த்துக் கழுவிக் கொடியில் போடுவாள். கொடிக்கு வெயில் வராதபடி ஜீப்புகள் மறைத்துக்கொண்டு நிற்கும். நகர்த்துங்கள் நகர்த்துங்கள் என்று ஓட்டுநர்களிடம் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் தானே ஏறி உட்கார்ந்து நகர்த்திவிட்டாள். அதன்பிறகு ஷெட்டிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை என்று அவள் எல்லை நீண்டது. முப்பத்திரண்டாவது வயதில் உரிமம் எடுத்தாள்.

"துணி காயப்போடறதுக்காக வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவ உலகத்துலயே இவ ஒருத்திதான்" என்பார் சித்தப்பா. பெருமையாகத்தான்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கூட வந்தது சித்தி. விண்ணப்பத்தில் பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையும், தொழில் என்ற இடத்தில் 'ஓட்டுநர்' என்றும் நிரப்பச் சொன்னாள். எழுத்தர் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க வீட்டுக்காரர் தொழில எழுதக் கூடாதும்மா. உங்க தொழில எழுதணும்."

"அவரு தையல்காரர். ஓட்டறது நான்."

"ஸ்கூட்டியா?"

"ஃபோர் வீல் ஜீப்பு. உங்க காலேஜ் படிக்கட்டுலயே ஏத்தி இறக்கிக் காட்டவா சார்?"

எழுத்தர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எனக்கு அன்றைக்கு அவளை எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மற்ற ஓட்டுநர்கள் சித்திக்கு வைத்த பெயர் லோ கியர். அவ்வளவு மெதுவாக ஓட்டுவாள். பெயர் வைத்தவர் நெட்டை. ஜீப்புக்குள் உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும் என்பதால் எப்போதும் கழுத்தைச் சாய்த்தே ஓட்டி, இறங்கிய பிறகும் சாய்ந்தபடியே நடக்கிற மனிதர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

"லோ கியர், நேத்து கிளம்பினியே, போய்ச் சேந்துட்டியா?" என்று கேட்பார்.

"நான் கூட்டிப்போனவங்கள்ல இதுவரைக்கும் ஒருத்தரும் தலைய இடிச்சுக்கல. உன் வண்டியில ஏறினவங்க இறங்கும்போது ரெண்டு அங்குலம் குள்ளமா இறங்கறாங்களாம். நீயும் தினம் ஓட்டறே, உனக்கு மட்டும் குறையவே மாட்டேங்குதே" என்பாள் சித்தி.

அந்த ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காட்டுப் பாதையில் சேற்றிலோ ஓடையிலோ சிக்கிய வண்டியை இன்னொருவர் இழுத்துவிட்டால் அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது. சிக்கியவர் இழுத்தவருக்கு ஓர் இழுப்பு பாக்கி. என்றைக்காவது அவர் சிக்கும்போது இவர் போய் இழுக்கவேண்டும். அதுவும் வண்டியின் கடன் இல்லை, அந்த நேரத்தில் ஸ்டியரிங் பிடித்திருந்த ஆளின் கடன். வேலை மாறினாலும் வண்டி மாறினாலும் கூடவே போகும். சித்தி பதினோரு வருடம் யாருக்கும் ஓர் இழுப்புகூடக் கடன்படாமல் ஓட்டினாள். எங்கே இறக்கினாலும் ஏற்றிவிடுவேன் என்பது நெட்டையின் பெருமை. ஏற முடியாத இடத்தில் இறக்கவே மாட்டேன் என்பது சித்தியின் பெருமை.

இனி அந்தச் சக்கர விஷயத்தைச் சொல்லவேண்டும். அந்தப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க, உள்ளே ஒரு நெம்புகோலைப் போட்டால் மட்டும் போதாது. கீழே இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் உள்ளங்கை அளவுத் திருகைக் கையால் திருப்பிப் பூட்டவேண்டும். ஹப் என்பார்கள். இரண்டு பக்கமும் பூட்டினால்தான் முன்சக்கரங்களுக்கு இன்ஜினின் பலம் போகும். ஒன்றை மட்டும் பூட்டினால் இரண்டையும் பூட்டாத மாதிரிதான். ஓடையைக் கடப்பதற்கு முன் பூட்டுவார்கள், கடந்த பிறகு திறந்துவிடுவார்கள். எந்த நிலையில் இருக்கிறது என்று சட்டென்று தெரிய, சித்தி தன் வண்டியின் திருகுகளில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அவள் நகத்தில் ஒருநாளும் நான் நகப்பூச்சைப் பார்த்ததில்லை. ஸ்பேனர் பெட்டியில் மட்டும் ஒரு புட்டி இருக்கும். புள்ளி மேலே இருந்தால் பூட்டியிருக்கிறது, கீழே இருந்தால் திறந்திருக்கிறது.

விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போனால் அவளோடு ஷெட்டில்தான் இருப்பேன். "வலது என்னுது, இடது உன்னுது" என்பாள். எனக்குப் பத்து வயதிலிருந்து தெரிந்த வேலை அது.

கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது விடுதித் தோழிகள் மூன்று பேரை நான்தான் காட்டுக்கு அழைத்தேன். அவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்கெங்கோ போய்வந்து படம் காட்டுவார்கள். நான் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். காட்ட எனக்கும் ஒன்று இருக்கிறது என்று மூன்றாவது வருடத்தில்தான் உறைத்தது. சித்தி.

இரண்டு நாள், இரண்டு இரவு. முதல் நாள் மாலை நான்கு மணிக்கு ஓடைக்கு வந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீர். சித்தி வண்டியை நிறுத்தி, "ஜன்னல எல்லாம் இறக்குங்க, பெல்ட்டக் கழட்டுங்க" என்றாள்.

"ஆன்ட்டி, ஓடையில போறப்பதானே பெல்ட் போடணும்?" என்று கேட்டாள் எங்களில் எப்போதும் சந்தேகம் கேட்கிறவள். அவளுக்கு விடுதியில் பெயரே 'ஆனா'. எதற்கும் ஓர் ஆனா போடுவாள்.

"வண்டி சாஞ்சா நீ முதல்ல வெளிய வரணும்மா. வண்டி அப்புறம் வந்துக்கும்."

நான் அதற்குள் குதித்து இறங்கியிருந்தேன். விருந்தினர் யாரும் வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கும்.

"நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்றாள் சித்தி.

"இடது யாருது?" என்றேன்.

சித்தி சிரித்துவிட்டாள். "சரி, உன்னுதுதான். பண்ணு."

நான் பூட்டினேன். தோழிகள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏய், உனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றாள் ஆனா. அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன்.

ஓடையைக் கடந்து அக்கரையில் ஒரு வெட்டவெளியில் வண்டி நின்றது. கடந்ததும் ஹப்பைத் திறக்கவேண்டும். சித்தி வலதைத் திறந்தாள். நான் தோழிகளோடு கூடாரத்துக்கு இடம் பார்க்க ஓடிவிட்டேன். இடது பூட்டியபடியே நின்றது. அது முதல் தவறு. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பேசாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இரண்டு நாளும் நன்றாகப் போயின. அடுப்பு மூட்டினோம், முட்டை அவித்தோம், கால்விரலிடுக்கில் அட்டையைப் பார்த்து ஆனா போட்ட கூச்சலில் எதிர்க்கரைப் பறவைகள் எழும்பின. இரண்டாம் இரவு மழை பிடித்தது. விடியும்போது ஓடையின் சத்தம் மாறியிருந்தது.

சித்தி ஒரு கழியோடு தண்ணீரில் இறங்கி நடந்து பார்த்தாள். தொடைவரை. "போகலாம். ஆனா இன்னும் ஒரு மணி நேரம் நின்னா போக முடியாது" என்றாள். மேல்பக்கம் தங்கியிருந்த நெட்டையும் தன் ஆட்களோடு வந்து சேர்ந்தார். அவர் முதலில் கடந்தார். கடந்தவர் அடுத்த வண்டி வரும்வரை போகமாட்டார், அதுவும் வழக்கம். அக்கரையில் வண்டியைத் திருப்பி எங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சித்தி வலதைப் பூட்டினாள். நான் இடதுபக்கம் குனிந்தேன். சக்கரம் முழுக்கச் சேறு. புள்ளி தெரியவில்லை. துடைத்தால் தெரியும். அன்றைக்கு ஊருக்குத் திரும்புவதால் துவைத்த சட்டை போட்டிருந்தேன், கை முழுக்கச் சேறாக வேண்டாம் என்று விரல் நுனிகளால் திருகைப் பிடித்தேன். பூட்டும் பக்கம் திரும்பவில்லை. இறுகியிருக்கிறது என்று நினைத்தேன். மறுபக்கம் திருப்பினேன். டக்கென்று விழுந்தது.

"ஆச்சா?" என்றாள் சித்தி.

"ஆச்சு சித்தி."

அவள் வந்து பார்க்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் பார்த்திருப்பாள்.

ஓடையைக் கிட்டத்தட்டத் தாண்டிவிட்டோம். முன்சக்கரங்கள் எதிர்க்கரைச் சரிவில் ஏறின, பின்சக்கரங்கள் தண்ணீருக்குள் இருந்தன. அங்கே நின்றது. பின்சக்கரம் சுழன்று குழி பறித்தது. முன்சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. வண்டி மெல்லப் பின்னால் சறுக்கி நின்றது. சித்தியின் முகத்தில் குழப்பத்தைப் பார்த்தேன். பயத்தைப் பார்க்கவில்லை.

"லோ கியர், வாழ்க்கையில முதல் தடவை! தேதியக் குறிச்சுக்கங்கப்பா" என்று கத்திக்கொண்டே நெட்டை தன் வண்டியின் முன்னால் இருந்த வின்சிலிருந்து, மோட்டார் உருளையில் சுற்றியிருக்கும் கம்பியை இழுத்துவந்து எங்கள் கொக்கியில் மாட்டினார். திரும்பிப் போய் அதன் பக்கத்தில் நின்றார். இடது கையில் வின்சின் பொத்தான். வலது கையில் கையுறை, கம்பி உருளையில் ஒரே பக்கமாகக் குவியாமல் தள்ளிவிட.

கம்பி இறுகியது. வண்டி ஏறியது. சித்தி விசையைக் கூட்டினாள். பின்சக்கரத்துக்கு ஏதோ ஒரு கல் பிடிகொடுக்க, வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. கம்பி தளர்ந்து உருளையின் ஓரத்தில் சுருண்டது. அதைச் சரிசெய்ய அவர் கையை வைத்தார். அந்தக் கணத்தில் கல் நழுவி எங்கள் வண்டி பின்னால் சறுக்கியது. கம்பி மறுபடி இறுகியபோது அவருடைய வலது கை உருளைக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்தது.

அவர் அலறவில்லை. பொத்தானை விட்டுவிட்டு, "லோ கியர், பிரேக்க விடாதே" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "விடாதே, விடாதே, விடாதே."

சித்தி விடவில்லை. "கல்லப் போடுங்கடி!" என்றாள். நாங்கள் நால்வரும் தண்ணீரில் குதித்து, கைக்கு வந்த கல்லையெல்லாம் பின்சக்கரங்களுக்கு அடியில் அடுக்கினோம். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு அவள் இறங்கினாள். வலது சக்கரத்தைத் தொட்டாள். சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வந்தாள். சேற்றை உள்ளங்கையால் வழித்தாள். சிவப்புப் புள்ளி கீழே இருந்தது.

என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு திருகைத் திருப்பினாள், ஏறி உட்கார்ந்தாள். வண்டி தானாக ஏறியது. இழுக்க ஆளே வேண்டியிருக்கவில்லை. கம்பி தொய்ந்ததும் நெட்டை கையை எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். அன்றைக்கு மட்டும் சித்தி வேகமாக ஓட்டினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே நெட்டை, "இவ்வளவு வேகமா ஓட்டத் தெரியுமா உனக்கு? இத்தனை வருஷம் ஏமாத்தினியா?" என்று கேட்டார். அவருக்கு மூன்று விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று.

மறுநாள் ஷெட்டில் முதலாளி கேட்டார். "என்ன ஆச்சு? எப்படி உன் வண்டி சிக்குச்சு?"

"இடது ஹப்ப பூட்டல. மறந்துட்டேன்."

"நீ? மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

நான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தோளில் பை. பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் எனக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது, படிப்பு போயிருக்காது, முதலாளி இரண்டு திட்டு திட்டியிருப்பார். எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேன் என்று எட்டு வருடமாக யோசிக்கிறேன். தோழிகளிடம் வாங்கிய அந்த ஒரு வியப்பைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன். அவ்வளவு சின்னது.

சித்தியை விருந்தினர் வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் தண்ணீர் டிரம்மும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு போனாள். பிறகு ஆள் இல்லாமல் திரும்பக் கூப்பிட்டார்கள். நெட்டையால் ஓட்ட முடியவில்லை. காட்டின் நுழைவாயிலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலை கிடைத்தது. ஒரு மேசை, நூலில் கட்டிய பேனா, வண்டி எண் எழுதும் நோட்டு. இடது கையால் எழுதப் பழகினார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை சித்தியோடு முன்சீட்டில் உட்கார்ந்து அந்த வழியாகப் போனேன். பின்னால் விருந்தினர்கள் ஆறு பேர். நெட்டை கம்பத்தைத் தூக்கவில்லை. ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"லோ கியர், ரெண்டும் பூட்டியாச்சா?"

அங்கே பூட்டவேண்டிய தேவையே இல்லை, ஓடை இன்னும் இரண்டு மணி நேரத் தொலைவு. சித்தி இறங்கினாள். வலது சக்கரத்தில் கை வைத்தாள், சுற்றி வந்து இடதில் வைத்தாள். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பாத்தாச்சு. தூக்கு" என்றாள்.

"என் இழுப்பு என்னாச்சு?"

"முதல்ல நீ எங்கயாவது மாட்டு."

"நாற்காலியில உக்காந்துக்கிட்டு எங்க மாட்டறது?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவை என் வண்டிய எடு. அதோ அந்தச் சேத்துல இறக்கு. நான் இழுத்துடறேன், தீந்துது."

"வேணும்னே மாட்டினா செல்லாது."

"பாவி, ரூல் பேசறான் பாரு" என்றாள் சித்தி. கம்பம் மேலே போனது. அவள் கண்ணில் சிரிப்பு இல்லை என்பதை நான் பார்த்தேன், பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா என்று திரும்பும் வழியில் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் என்றாள்.

"நான் அவர்கிட்ட சொல்லிடறேன் சித்தி."

"என்னன்னு?"

"நான்தான்னு."

"சொன்னா அவன் விரல் முளைச்சுடுமா? வண்டியில கை வெச்சது யாருன்னு எவனும் கேக்கமாட்டான். ஓட்டினது யாருன்னுதான் கேப்பான். உன்னைக் கை வைக்க விட்டது நான். வந்து பாக்காதது நான்." கியரை மாற்றினாள். "என்னைக் கேலி பண்றது அவனுக்கு ஒரு வேலை. ஏற்கெனவே ஒரு வேலை போச்சு. இதையும் பிடுங்கணுமா?"

நான் சரி என்று விட்டுவிட்டேன். விடச் சொன்னதும் எவ்வளவு சீக்கிரம் விட்டேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. எனக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. வாகன விபத்து விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. 'விபத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யாராவது மழுப்பி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். நாளுக்கு இருபது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஷெட்டில் கூடாரக் குவியல்மேல் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த சித்தி அப்படியே சாய்ந்துவிட்டாள். ஐம்பத்தொரு வயது. ஒரு பூட்ஸ் காலில், ஒன்று கையில். சித்தப்பா மெஷினின் சத்தத்தில் கவனிக்கவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி வாசலில் நின்றபோது அதன் முன்சக்கரங்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கூட்டமாக இருந்தது, கூச்சமாக இருந்தது. தொடவில்லை.

நெட்டை வந்திருந்தார். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். "ஒரு இழுப்பு பாக்கி வெச்சுட்டுப் போயிட்டா, பாத்தியா" என்று சித்தப்பாவிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து பஸ் பிடித்து நுழைவாயிலுக்குப் போனேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று பயம்.

"மாமா, அன்னிக்கு இடது பக்கம் விட்டது சித்தி இல்ல. நான்."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எழுந்து போய் எண்ணை எழுதி, கம்பத்தைத் தூக்கி, இறக்கிவிட்டு வந்தார்.

"நீ எப்படி? கெஸ்ட் வண்டியத் தொடக் கூடாதே."

சொன்னேன். ஒரு மெக்கானிக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப முந்தின தடவை கடந்ததும் நீ திறக்கல."

"இல்ல."

"கிளம்பறப்ப, இறுகியிருக்குன்னு மாத்தித் திருப்பிட்டே."

"ஆமா."

"சேத்தத் துடைக்கல."

"இல்ல மாமா."

"துடைச்சிருந்தா புள்ளி தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

நோட்டை மூடி, பேனாவை அதன்மேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இந்த வழியா அவ போறப்ப எல்லாம் இறங்க வெச்சேன்" என்றார். "மழையிலகூட. ஆறு பேரு உக்காந்து பாத்துச் சிரிப்பாங்க. விளையாட்டாத்தான் கேக்கறேன்னு நானே நினைச்சுக்கிட்டேன். விளையாட்டு இல்ல. உள்ள ஒரு கோவம் இருந்துது. அவ இறங்கிப் போய்த் தொடும்போது அது கொஞ்சம் அடங்கும். அவளும் ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னதில்ல." நிமிர்ந்தார். "இதை ஏன் இப்ப வந்து சொல்றே?"

என் பாரத்தை இறக்கிவைக்க வந்தேன். இறக்கியும் வைத்தேன், அவர்மேல். எட்டு வருடம் சித்தி அவருக்கு விட்டுவைத்திருந்த ஒரே ஒரு வேடிக்கையை ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டேன்.

"அந்த இழுப்ப நான் ஏத்துக்கறேன் மாமா. எனக்கும் இப்ப ஓட்டத் தெரியும்."

"முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விதியைச் சொன்னார். "கை வெச்சவங்களுக்குக் கடன் கிடையாது. ஸ்டியரிங் பிடிச்சவளுக்குத்தான். அது லோ கியரோடது. பாக்கின்னா பாக்கிதான்."

"அப்ப எனக்கு?"

"உனக்கு என்னன்னு நீ பாத்துக்க."

அப்போது ஒரு ஜீப் வந்தது. சித்தியின் ஜீப். புது ஓட்டுநர், பின்னால் விருந்தினர்கள். நெட்டை எழுந்து ஜன்னலுக்குப் போனார், பழக்கத்தில் குனிந்தார், வாயைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன அண்ணே, இன்னிக்கு எதுவும் கேக்கலையா?" என்றான் ஓட்டுநர்.

"போ" என்றார்.

கம்பம் மேலே போனது. ஜீப் என்னைக் கடந்தபோது இடது முன்சக்கரத்தைப் பார்த்தேன். சேற்றின் நடுவில் நகப்பூச்சுப் புள்ளி பாதி உரிந்து தெரிந்தது. அந்த வண்டி எத்தனையோ பேரை இனி இழுக்கும். இழுபடும். நெட்டை நாற்காலியை விட்டு எங்கும் போய்ச் சிக்கப்போவதில்லை. சித்தி அவருக்குத் தரவேண்டிய ஓர் இழுப்பு இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.